ஒரே சட்டி சாம்பார், மாமியாருக்கு மட்டும் ஏன் ஆகாது?

வாசகர் கேள்வி: "டாக்டர், எங்களுக்கு கோத்தகிரி பக்கம். வீட்ல ஆறு பேர். மாமியாருக்கு 64 வயசு, 15 வருஷமா சுகர், போன மாசம் கிரியாட்டினின் 3.1 வந்துச்சு. கிட்னி டாக்டர் பார்த்துட்டு, அசிடிட்டிக்கு தினமும் குடிக்கிற ஜெல்லை உடனே நிறுத்துங்க, இண்டாலியம் சட்டில புளி போட்டு சமைக்காதீங்க, அலுமினியம் உடம்புல சேரும்னு சொன்னார். முப்பது வருஷமா அதே சட்டில தான் எல்லாரும் சாப்பிடறோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? நாத்தனார் போன் பண்ணி எல்லாருக்கும் மறதி நோய் வரப்போகுதுனு பயமுறுத்தறாங்க. அவங்க பொண்ணுக்கு ஏழாம் மாசத்துலயே பிரசவம் ஆகி இப்ப கைக்குழந்தையோட எங்க வீட்ல தான் இருக்கா. இதுக்கு நடுவுல தோட்டத்து மண்ணை டெஸ்ட் பண்ணினா பிஎச் 4.6, மண்ல அலுமினியம் ஜாஸ்தி, அதான் பீட்ரூட் வரலைங்கறாங்க. அதே மண்ல தேயிலை ஜம்முனு நிக்குது. இதெல்லாம் ஒரே அலுமினியம் தானா? ஏன் ஒருத்தரை அடிக்குது, இன்னொருத்தரை விட்ருது?"

வணக்கம்மா. கோயம்புத்தூர்ல இருபத்தஞ்சு வருஷமா கிட்னி வைத்தியம் பார்க்கறேன், மலையிலேந்து இறங்கி வர்றவங்க நிறைய பேரை பார்த்திருக்கேன், ஆனா மாமியாரையும் பீட்ரூட்டையும் ஒரே லெட்டர்ல வச்சு யாரும் கேட்டதில்ல. ரெண்டும் ஒரே அலுமினியம் தான். உங்க டாக்டர் சொன்னது சரி, அதுலயும் ஜெல்லை நிறுத்தச் சொன்னது தான் முக்கியம், சட்டி அப்புறம். அதனால இதை மேல படிக்கறதுக்கு முன்னாடி அலமாரில இருக்கற அந்த பாட்டிலை எடுத்து ஓரமா வச்சிருங்க, அவங்க "நெஞ்சு எரியுது, ஒரு மூடி மட்டும்"னு கேட்டாலும் கொடுக்காதீங்க, அசிடிட்டிக்கு வேற மாத்திரை இருக்கு, உங்க டாக்டர் எழுதிக் கொடுப்பார்.

இப்போ ஏன்னு சொல்றேன். பூமியோட மேல் ஓட்டுல எடைக் கணக்குல சுமார் 8 சதவீதம் அலுமினியம் தான், உலோகங்கள்லயே அதிகமா இருக்கறது அது தான், இரும்பு கூட அதுக்கு அடுத்து தான். நாம மிதிக்கற மண்ணு, அடுப்பு கட்டற களிமண், செங்கல் எல்லாத்துலயும் இருக்கு. இருந்தும் இரும்பு, துத்தநாகம் மாதிரி இதுக்கு நம்ம உடம்புல ஒரு வேலையும் கிடையாது. வேலை இல்லாத ஒண்ணு சுத்தி இவ்ளோ இருந்தும் நாம நல்லா இருக்கோம்னா அதுக்கு ரெண்டு காவல் இருக்கு. ஒண்ணு குடல், அது வாசல். சாப்பாட்டோட உள்ள போற அலுமினியத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, மிஞ்சிப் போனா மூணு பங்கு தான் ரத்தத்துக்குள்ள விடும், மீதி அப்படியே மலத்தோட வெளிய போயிடும். இன்னொண்ணு கிட்னி, அது வடிகால். வாசலை தாண்டி உள்ள வந்த அந்த துளியையும் பெரும்பாலும் சிறுநீர்ல தள்ளிடும். வாசல் உடைஞ்சவங்க, வாசலே இல்லாம நேரா ரத்தத்துல வாங்கறவங்க, வடிகால் அடைச்சவங்க, இவங்களை தான் அலுமினியம் பிடிக்கும். சட்டில எவ்ளோ இருக்குங்கறதை விட இது தான் பெரிய விஷயம்.

உங்க மாமியாருக்கு வடிகால் அடைச்சிருக்கு. கிரியாட்டினின்ங்கறது கிட்னி வெளிய தள்ள வேண்டிய ஒரு கழிவு, 64 வயசு பொம்பளைக்கு அது 3.1னா கிட்னி வடிகட்டற வேகம் நிமிஷத்துக்கு சுமார் 16 மில்லிக்கு வந்துடுச்சுனு அர்த்தம், நல்லா இருக்கறவங்களுக்கு 90க்கு மேல இருக்கும். நீங்க சாப்பிட்டு உள்ள போன துளியை உங்க கிட்னி அன்னன்னிக்கே கணக்கு தீர்த்துடும், அவங்களுக்கு பாக்கி நின்னுக்கிட்டே வரும். நிக்கற பாக்கி முதல்ல எலும்புல போய் உக்காரும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மூளையிலயும் சேரும். எலும்புல சேர்ந்தா கால்சியம் சரியா படியாது, இடுப்பு வலி, தொடை வலி, சும்மா தடுக்கி விழுந்ததுக்கே எலும்பு முறிவு. ரத்தத்துலயும் கை வைக்கும், இரும்புச்சத்து போதுமான அளவு இருக்கும்போதே ரத்த சோகை வரும், சிவப்பணு சின்ன சின்னதா ஆகிடும்.

சட்டியையும் ஜெல்லையும் தராசுல வச்சுப் பாருங்க. அலுமினிய சட்டில புளிக்குழம்பு கொதிச்சா, அதுலயும் ராத்திரி முழுக்க அதுலயே இருந்து மறுநாள் சுட வச்சா, ஒரு ஆளுக்கு சில மில்லிகிராம் கூடுதலா வரும். அசிடிட்டி ஜெல் பாட்டில் லேபிளை படிங்க, அலுமினியம் ஹைட்ராக்சைடுனு போட்டிருக்கும், அதோட எடைல மூணுல ஒரு பங்கு அலுமினியம். பிராண்டுக்கு பிராண்ட் மாறும், ஆனா 10 மில்லி ஒரு வேளை குடிச்சா 100 மில்லிகிராமுக்கு மேலயே அலுமினியம் வயித்துக்குள்ள போகுது, மூணு வேளை குடிச்சா முன்னூறு. ஒரு மாசம் புளிக்குழம்பு சாப்பிட்டாலும் வராத அளவு ஒரே நாள்ல வந்துடும். வயித்துப் புண்ணுக்கு கொடுக்கற சுக்ரால்ஃபேட்டும் அதே ஜாதி தான், ஒரு கிராம் மருந்துல சுமார் 200 மில்லிகிராம் அலுமினியம். நல்ல கிட்னி இருக்கறவங்க பத்து நாள் குடிச்சா ஒண்ணும் இல்ல, கிட்னி போனவங்க வருஷக்கணக்குல குடிக்கவே கூடாது. போதாததுக்கு அந்த ஜெல்ல மெக்னீசியமும் இருக்கும், கிட்னி வேலை செய்யாதப்ப அதுவும் தேங்கும்.

இதை விட மோசமான ஒரு கூட்டு இருக்கு, அதைப் பத்தி சொல்லாம விடக் கூடாது. சிட்ரேட். எலுமிச்சம்பழத்துல இருக்கற சிட்ரிக் ஆசிட் தான். அலுமினியத்தோட சேர்ந்தா அதை கரைச்சு, கையைப் பிடிச்சு குடல் வாசல் வழியா உள்ள கூட்டிட்டு வந்துடும், சாதாரணமா உள்ள போறதை விட பல மடங்கு. அமெரிக்காவுல 1980கள்ல கிட்னி நோயாளிகளுக்கு பாஸ்பரஸை குறைக்க அலுமினியம் ஹைட்ராக்சைடும், ரத்தத்துல புளிப்பை குறைக்க சிட்ரேட் மருந்தும் ஒண்ணா கொடுத்தப்போ சில பேர் சில வாரத்துலயே மூளை பாதிச்சு இறந்து போனாங்க. ரெண்டு மருந்துமே தனித்தனியா அன்னிக்கு வழக்கத்துல இருந்த மருந்து தான்.

நானே ஒருத்தரை பார்த்திருக்கேன். பொள்ளாச்சி பக்கம், தென்னந்தோப்பு வச்சிருக்கற பெரியவர், கிட்னி பாதிக்கு மேல போனவர். மகன் கூட்டிட்டு வந்தான், "அப்பா பேச்சு ஒரு மாதிரி ஆகிடுச்சு சார், பக்கவாதமோனு ஸ்கேன் எடுத்தோம், ஒண்ணும் இல்லைங்கறாங்க"ன்னான். பெரியவர் "தேங்கா"னு சொல்ல வந்து "தே... தே..."னு நின்னு நின்னு, அப்புறம் வாயை மூடிக்கிட்டார். என்ன சொல்லணும்னு அவருக்கு தெரியுது, வார்த்தை வாசல்ல மாட்டிக்குது. காபி டம்ளரை கொடுத்தா கை சுண்டி சுண்டி இழுத்து வேட்டியில கொட்டிடுச்சு. மருந்து என்னென்ன சாப்பிடறீங்கனு கேட்டா கிட்னி மாத்திரை லிஸ்ட்டை மட்டும் காட்டினாங்க. மஞ்சப்பையில இருக்கறதை எல்லாம் டேபிள்ல கொட்டுங்கனு சொன்னேன், கொட்டினா அதுல ரெண்டு பாட்டில் தனியா உருண்டு வந்துச்சு. ஒண்ணு அசிடிட்டி ஜெல், பாதி காலி. இன்னொண்ணு ஒண்ணுக்கு எரிச்சலுக்கு தண்ணில கலந்து குடிக்கற சிரப், சிட்ரேட் தான், மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கினது. காலையில இது, அரை மணி நேரத்துல அது, ஒன்றரை வருஷமா. ரத்தத்துல அலுமினியம் பார்க்க அனுப்பினோம், எக்கச்சக்கமா வந்துச்சு. ரெண்டையும் நிறுத்தி, மத்த வைத்தியமும் செஞ்சு, பேச்சு தெளிய மாசக்கணக்குல ஆச்சு. அன்னிலேந்து என்கிட்ட வர்ற எந்த கிட்னி பேஷண்ட்டையும் பையை கொட்டாம அனுப்பறதில்ல.

உங்க மாமியாருக்கு ஒண்ணுக்கு எரிச்சல்னு அப்படி ஒரு சிரப் வீட்ல இருக்கானு பாருங்க. தண்ணில போட்டா பொங்கற மாத்திரைல எல்லாம் சிட்ரிக் ஆசிட் இருக்கும், அதையும் பாருங்க. மாத்திரை போட்ட கையோட லெமன் ஜூஸ் குடிக்கற பழக்கம் இருந்தா நிறுத்துங்க, பொட்டாசியம் கணக்குக்கும் அது அவங்களுக்கு ஆகாது. மலைக்காரங்க டீயை விட மாட்டீங்க, டீ குடிக்கட்டும், லெமன் டீ வேண்டாம்.

நாளைக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டா அங்கயும் அலுமினியம் பயம் உண்டானு கேப்பீங்க, அதுக்கு இப்பவே பதில் சொல்லிடறேன், ஏன்னா அலுமினியம் மனுஷனை என்ன பண்ணும்னு உலகத்துக்கு தெரிய வந்ததே டயாலிசிஸ்ல தான். அமெரிக்காவுல டென்வர் ஊர்ல ஆலன் ஆல்ஃப்ரேனு ஒரு டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் 1972ல எழுதினாங்க, வருஷக்கணக்குல டயாலிசிஸ் செஞ்சவங்க சில பேருக்கு பேச்சு தடுமாறி, கை கால் சுண்டி, வலிப்பு வந்து, கடைசியில நினைவே தப்பிடுதுன்னு. 1976ல இறந்தவங்களோட மூளையை அளந்து பார்த்தாங்க. இந்த நோய்ல இறந்தவங்க மூளையில சாம்பல் நிற பகுதியில கிலோவுக்கு 25 மில்லிகிராம் அலுமினியம், டயாலிசிஸ் செஞ்சும் இந்த நோய் வராதவங்களுக்கு 6.5, கிட்னி நல்லா இருந்தவங்களுக்கு 2.2. இங்கிலாந்துல நியூகாசில் பக்கம் அதே சமயத்துல டயாலிசிஸ் பேஷண்ட்டுங்க எலும்பு பொடிப்பொடியா முறிஞ்சுது, அந்த நோய்க்கே நியூகாசில் எலும்பு நோய்னு பேர் வச்சாங்க. ஒரு ஊர்ல இருக்கு, அடுத்த ஊர்ல இல்ல, ஏன்னு தேடினா குழாய் தண்ணி. தண்ணியை தெளிய வைக்க படிகாரம் போடுவாங்கல்ல, அதுல இருக்கறது அலுமினியம் சல்ஃபேட்.

அதே தண்ணியை ஊரே குடிச்சுது, ஊருக்கு ஒண்ணும் ஆகல. ஏன்னா நாம வாரத்துக்கு பதினாலு பதினஞ்சு லிட்டர் குடிப்போம், அதுவும் குடல் வாசல் வழியா. டயாலிசிஸ்ல ஒரு தடவைக்கே சுமார் 120 லிட்டர் தண்ணி ரத்தத்துக்கு பக்கத்துல, நடுவுல ஒரு மெல்லிசான சவ்வு மட்டும் வச்சு ஓடும், வாரத்துக்கு மூணு தடவை. வாசலே கிடையாது. ரத்தத்துக்குள்ள வந்த அலுமினியத்தை டிரான்ஸ்ஃபெரின்னு ஒரு புரோட்டீன் கப்புனு பிடிச்சு வச்சுக்கும், அதனால திரும்ப வெளிய போகாது, தண்ணில ரொம்ப கொஞ்சமா இருந்தாலும் ஒரு வழிப் பாதை மாதிரி உள்ளயே வந்துக்கிட்டு இருக்கும். இதுக்காக தான் குடிதண்ணிக்கு நம்ம நாட்டு தரத்துல லிட்டருக்கு 0.03 மில்லிகிராம், வேற வழி இல்லைனா 0.2 வரைக்கும்னு இருக்க, டயாலிசிஸ் தண்ணிக்கு 0.01னு வச்சிருக்காங்க. ஆர்ஓ போட்டு தான் விடுவாங்க. ஆர்ஓ இருந்தாலும் கவனம் போகக் கூடாது, 1996ல கரீபியன் கடல்ல இருக்கற குராசாவ் தீவுல டயாலிசிஸ் சென்டருக்கு தண்ணி கொண்டு வர புதுசா ஒரு குழாய் போட்டாங்க, உள்பக்கம் சிமென்ட் பூசின குழாய், அந்த சிமென்ட்லேந்து அலுமினியம் கரைஞ்சு வந்து, அங்க சிகிச்சை எடுத்த 27 பேர்ல 10 பேர் இறந்து போயிட்டாங்க. அதனால நாளைக்கு எந்த சென்டர்ல சேர்த்தாலும் தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் கடைசியா எப்ப எடுத்தீங்கனு தயங்காம கேளுங்க, நல்ல சென்டர்ல கோவிச்சுக்க மாட்டாங்க, ஃபைலை எடுத்து காட்டுவாங்க.

டிரான்ஸ்ஃபெரின்னு சொன்னேனே, அது உண்மையில இரும்பை சுமக்கற வண்டி. உடம்புல இரும்பு குறைவா இருந்தா அந்த வண்டில சீட் காலியா கிடக்கும், அலுமினியம் ஏறி உக்காந்துக்கும், குடலும் இரும்புக்கு பசியோட இருக்கறப்போ அலுமினியத்தையும் கொஞ்சம் சேர்த்து உள்ள விட்ரும். நம்ம ஊர் பொம்பளைங்கள்ல எத்தனை பேருக்கு ரத்த சோகை இருக்குனு உங்களுக்கே தெரியும். மாமியாருக்கு அடுத்த ரத்தப் பரிசோதனையில, உடம்புல இரும்பு இருப்பை காட்டற ஃபெரிட்டினும் சேர்த்து பார்க்கச் சொல்லுங்க. உங்களுக்கும் ஒரு தடவை ஹீமோகுளோபின் பார்த்துக்கோங்க, இது அலுமினியத்துக்காக மட்டும் இல்ல.

குழந்தை விஷயம். ஏழாம் மாசத்துல பொறந்த குழந்தைக்கு ரெண்டு காவலுமே பொறக்கும்போது இருக்காது. பால் குடிக்க முடியாததால நரம்பு வழியா டிரிப்ஸ்லயே சாப்பாடு போகும், குடல் வாசல் கிடையாது. கிட்னியும் முழுசா உருவாகி இருக்காது. அந்த டிரிப்ஸ்ல கலக்கற கால்சியம் குளுக்கோனேட் கண்ணாடி குப்பில வரும், கண்ணாடில இருக்கற அலுமினியத்தை அது கொஞ்சம் கொஞ்சமா இழுத்து வச்சுக்கும். இங்கிலாந்துல குறைப்பிரசவக் குழந்தைங்க 227 பேரை வச்சு செஞ்ச ஆராய்ச்சி 1997ல வந்துச்சு, சாதாரண டிரிப்ஸ் ஏறினவங்களையும் அலுமினியம் குறைச்ச டிரிப்ஸ் ஏறினவங்களையும் ஒன்றரை வயசுல சோதிச்சுப் பார்த்தா, ரொம்ப நாள் டிரிப்ஸ்ல இருந்த குழந்தைங்ககிட்ட மூளை வளர்ச்சி மார்க்ல வித்தியாசம் தெரிஞ்சுது, அதுக்கப்புறம் தான் பல நாட்டுல கட்டுப்பாடு வந்துச்சு. உங்க வீட்டுக் குழந்தை இப்போ வீட்டுக்கு வந்து வாயால பால் குடிக்குதுனா அந்த ஆபத்து தாண்டியாச்சு. தாய்ப்பால்ல அலுமினியம் ரொம்ப ரொம்ப கம்மி, அதையே கொடுக்கட்டும். பவுடர் பால் தேவைப்பட்டா குழந்தை டாக்டர் காரணமா சொன்னாலொழிய சோயா பவுடர் வேண்டாம், மாட்டுப்பால் பவுடரை விட அதுல அலுமினியம் கூடுதல்.

உங்க நாத்தனாருக்கு நான் சொன்னேன்னு சொல்லுங்க, அலுமினிய சட்டில சாப்பிட்டா எல்லாருக்கும் மறதி நோய் வரும்னு யாரும் நிரூபிக்கல. அந்த பயம் எங்கேந்து ஆரம்பிச்சதுனா 1965ல முயல் மூளைக்கு அலுமினியம் உப்பை செலுத்தினப்போ நரம்பு செல்லுக்குள்ள நூல் நூலா சிக்கு விழுந்தது தெரிஞ்சுது, பார்க்க அல்சைமர்ஸ்ங்கற மறதி நோய் மாதிரி இருந்துச்சு, நெருங்கிப் பார்த்தா சிக்கோட அமைப்பே வேற. பூனைக்கும் அப்படி பாதிப்பு வந்துச்சு, எலிக்கு அவ்வளவா வரல. ஒரே ஊசி, ஒரு பிராணியை அடிக்குது, இன்னொண்ணு தாங்குது. மூளையில நேரா ஏத்தறதும் சாம்பார்ல வர்றதும் ஒண்ணு இல்ல. கிட்னி நல்லா இருக்கற உங்க வீட்டு மத்த அஞ்சு பேருக்கும் அலுமினிய டெஸ்ட் தேவையே இல்ல, அதுலயும் முடியை வெட்டி அனுப்பி ஹேர் டெஸ்ட் எடுக்கறேன்னு யாராவது வந்தா காசை கொடுக்காதீங்க. உடம்புலேந்து அலுமினியத்தை இழுக்க டெஸ்ஃபெராக்ஸமின்னு ஊசி இருக்கு, தலசீமியா குழந்தைங்களுக்கு இரும்பை எடுக்க கொடுக்கறது தான், ஆனா அது நிரூபணமான நோயாளிக்கு பெரிய ஆஸ்பத்திரில வச்சு கொடுக்க வேண்டியது, தப்பா கொடுத்தா எலும்புல தூங்கற அலுமினியத்தை எழுப்பி மூளைக்கு அனுப்பிடும்.

சட்டியை மாத்தறதுக்கு எனக்கு வேற ஒரு காரணம் இருக்கு. ஈயம், அதாவது காரீயம். பழைய உலோகத்தை உருக்கி வார்த்த மலிவு பாத்திரங்கள்ல காரீயம் கலந்து வருது. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இண்டாலியம்னு விக்கற சில இறக்குமதி பாத்திரங்கள்லேந்து காரீயம் சாப்பாட்டுல இறங்கலாம்னு எச்சரிக்கை கொடுத்துச்சு. வீட்ல கைக்குழந்தை, பால் கொடுக்கற பொண்ணு, கிட்னி போன மாமியார் மூணு பேரும் இருக்கறப்போ எந்தப் பட்டறையில வார்த்ததுனு தெரியாத பாத்திரத்தை அடுப்புல வைக்காதீங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல தூக்கிப் போட வேண்டாம், முதல்ல புளி, தக்காளி, மோர் கொதிக்கற சட்டி எதுவோ அதை எவர்சில்வருக்கோ மண்சட்டிக்கோ மாத்துங்க, அரிசி வடிக்கறது அப்புறம் மாத்திக்கலாம். தண்ணி கலங்கலா வர்ற நாள்ல குடத்துல படிகாரம் சுத்தற பழக்கம் இருந்தா மாமியார் குடிக்கற தண்ணிக்கு மட்டுமாவது வேண்டாம், நம்ம பாட்டிங்க தேத்தாங்கொட்டை தேய்ச்சாங்களே அது போதும், தெளிஞ்சதை கொதிக்க வச்சு கொடுங்க.

இப்போ உங்க தோட்டத்துக்கு வர்றேன், எனக்கு இதுல ஆர்வம் ஜாஸ்தி, என் அப்பாவும் விவசாயி தான். மண் புளிப்பு இல்லாம இருக்கறவரைக்கும் அலுமினியம் களிமண்ணுக்குள்ள கட்டுண்டு கிடக்கும், செடிக்கு தெரியவே தெரியாது. பிஎச்ங்கறது புளிப்போட அளவு, எண் குறைய குறைய புளிப்பு ஜாஸ்தி, அது 5.5க்கு கீழ, அதுலயும் 5க்கு கீழ போச்சுனா கரைஞ்சு தண்ணிக்குள்ள வந்துடும். உங்க மண் 4.6. உங்க வீட்டு வாசல்லயோ ரோட்டோரத்துலயோ ஹைட்ரேஞ்சியா பூத்திருக்கா பாருங்க, புளிப்பு மண்ல அது நீலமா பூக்கும், அந்த நீலமே அலுமினியம் பூவோட சாயத்தோட சேர்ந்து வர்ற நிறம். அதே செடி சுவர் ஓரமா, சிமென்ட்டும் சுண்ணாம்பும் கரைஞ்ச மண்ல இருந்தா ரோஸா பூக்கும். லேப் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பூ உங்களுக்கு சொல்லியிருக்கும்.

கரைஞ்ச அலுமினியம் முதல்ல பிடிக்கறது வேர் நுனியை. தாங்காத செடிக்கு ஒரு மணி நேரத்துலயே வேர் நீளறது குறைய ஆரம்பிச்சுடும். ஒரு பீட்ரூட் செடியை மெதுவா பிடுங்கி தண்ணில அலசிப் பாருங்க, வேர் நீளமா வெள்ளையா நூல் மாதிரி இல்லாம, குட்டையா தடிப்பா, நுனி பழுப்பா, கிளை இல்லாம இருந்துச்சுனா அது தான். வேர் இறங்கலைனா பாஸ்பரஸ் எடுக்க முடியாது, தண்ணி பக்கத்துலயே இருந்தும் எட்டாது, நாம மேலேந்து பார்த்துட்டு உரம் பத்தலைனு மூட்டை மூட்டையா போட்டுக்கிட்டு இருப்போம். பார்லி இன்னும் மோசம், தானியங்கள்ல ரொம்ப சீக்கிரம் அடிபடறது அது, நெல் தான் நல்லா தாங்கும்.

தாங்கற செடி ரெண்டு விதமா தாங்குது. சில கோதுமை ரகம் வேர் நுனியிலேந்து மாலிக் ஆசிட்டை வெளிய விடும், அது வாசல்லயே அலுமினியத்தை மடக்கி பிடிச்சுக்கும், உள்ள விடாது. அந்த ஜீனை 2004ல ஜப்பான், ஆஸ்திரேலியா ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. நம்ம சோளத்துல இதே வேலையை செய்யற ஜீன் 2007ல தெரிய வந்துச்சு, சோளம் வெளிய விடறது சிட்ரிக் ஆசிட். மேல நான் உங்க மாமியாருக்கு ஆகாதுனு சொன்ன அதே சிட்ரேட். வேருக்கு வெளிய மண்ல வச்சு அலுமினியத்தை பிடிச்சா செடிக்கு காவல், குடலுக்குள்ள வச்சு பிடிச்சா மனுஷனுக்கு அதுவே உள்ள கூட்டிட்டு வர்ற ஆள். எனக்கு இதை முதல்ல படிச்சப்போ கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வச்சுட்டு யோசிச்சேன், ஒரு பொருள் நல்லதா கெட்டதானு அதை மட்டும் வச்சு சொல்லவே முடியாது, எந்த இடத்துல நிக்குதுங்கறது தான்.

தேயிலை வேற வழி. அது அலுமினியத்தை தாராளமா உள்ள எடுத்து, முத்தின இலைல பூட்டி வச்சுக்கும், ஒரு கிலோ காய்ஞ்ச முத்தின இலைல 30 கிராம் வரைக்கும் அளந்திருக்காங்க. சொல்லப்போனா அலுமினியம் கொஞ்சம் இருந்தா தேயிலை வேர் இன்னும் நல்லா வளருது. நாம பறிக்கற ரெண்டு இலை ஒரு மொட்டுல அது ரொம்ப கம்மி, டிகாக்‌ஷன்ல இறங்கறது லிட்டருக்கு சில மில்லிகிராம், அதுவும் தேயிலையோட துவர்ப்புச் சத்தோட கட்டுண்டு இருக்கறதால குடல் அதிகமா எடுக்காது. அதான் மாமியாருக்கு டீயை நான் தடுக்கல.

மீனுக்கும் இதே கதை உண்டு. நார்வேயோட தெற்குப் பகுதில போன நூற்றாண்டுல அமில மழை பெஞ்சு மலை மண்லேந்து அலுமினியம் ஆத்துக்கு இறங்கினப்போ சால்மன் மீன் பல ஆத்துல அழிஞ்சே போச்சு. மீன் தண்ணியை குடிச்சு சாகல, செவுள்ல அலுமினியம் படிஞ்சு, சளி கட்டி, மூச்சு திணறி, உடம்பு உப்பெல்லாம் கசிஞ்சு செத்துச்சு. செவுளுக்கு தோல் மாதிரி தடுப்பு கிடையாது, ரத்தத்துக்கு பக்கத்துலயே தண்ணி. டயாலிசிஸ் சவ்வு மாதிரி தான். அதுலயும் கடலுக்கு கிளம்பற வயசுல இருக்கற இளசு சால்மன் தான் ரொம்ப அடிபட்டுச்சு. தண்ணில கால்சியம் இருந்தா தப்பிச்சுது, சிலிக்கா போதுமான அளவு இருந்தா அதே புளிப்பு தண்ணிலயும் மீன் சாகலைனு 1989ல பிரிட்டன் ஆய்வாளர்கள் காட்டினாங்க. அங்க ஆத்துக்கும் ஏரிக்கும் சுண்ணாம்புக் கல் பொடி போட்டு தான் மீனை திரும்ப கொண்டு வந்தாங்க.

உங்களுக்கும் அது தான். பீட்ரூட் பாத்திக்கு மட்டும் டோலமைட், அதாவது மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல் பொடி போடுங்க, எவ்ளோனு மண் டெஸ்ட் எடுத்த இடத்துலயே கேட்டு அவங்க சொல்ற அளவுக்கு போடுங்க, மேலாப்புல தூவிட்டு விடாம கொத்தி உள்ள கலக்கணும், ஏன்னா சுண்ணாம்பு தானா கீழ இறங்க ரொம்ப நாள் ஆகும். போட்ட மறுநாளே பலன் வராது, சில மாசம் கழிச்சு திரும்ப பிஎச் பாருங்க, 6 கிட்ட வந்தா பீட்ரூட் பிடிச்சுக்கும். அதுவரைக்கும் அந்த இடத்துல உருளைக்கிழங்கு போடலாம், அது புளிப்பை ஓரளவு பொறுத்துக்கும். தேயிலை பக்கம் ஆசைப்பட்டு அள்ளிக் கொட்டிடாதீங்க, அதுக்கு 4.5லேந்து 5.5 தான் சௌகரியம்.

மாமியாருக்கு இப்போ பேச்சுல தடுமாற்றம், கை சுண்டல், எலும்பு வலி ஏதாவது இருக்கானு நீங்க எழுதல. இருந்தா அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ரத்தத்துல அலுமினியம் பார்க்கணும்னு டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க. இல்லைனா பயப்பட வேண்டாம், ஆனா போகும்போது அலமாரி, ஃபிரிட்ஜ் மேல, தலையணை அடியில இருக்கற பாட்டில், அட்டை, நாட்டு மருந்து பொட்டலம் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போய் டாக்டர் டேபிள்ல கொட்டுங்க.